பட்டியலில் இல்லாத பெயர்

எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில், 180 நாடுகளில் மலேசியா 2023இல் 73ஆவது இடம். மறு ஆண்டே 107. 2025இல் 88. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் 123, இந்தியா 151. வானொலியில் இதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

நிகழ்ச்சி முடிந்ததும் கூலாயிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. அதனால் ஐசியும் இல்லை. கதையைச் சொல்லிவிட்டு, “தம்பி, என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க” என்றார்.

பெயரை மட்டுமல்ல, கதையையே நான் சொல்லவில்லை. வம்பு எதற்கு என்று பாட்டைப் போட்டுவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானேதான் தடுத்துக்கொண்டேன்.

பக்கத்து நாட்டைவிட மேலே இருக்கிறோம், சரி. அந்த அக்காவுக்கு அதில் என்ன இருக்கிறது? இந்த வாரம் அவர் கதையை, பெயரில்லாமல், வாசிக்கப் போகிறேன்.