காருக்கு ஒரு விசிறி

விசிறி என்ற சாமானைப் பற்றி நாம் யாரும் அதிகமாக யோசிப்பதில்லை. பனையோலை விசிறியானால் கை வலிக்கும்போது அதைப் பற்றி நினைக்கிறோம். மின்சார விசிறியானால் மின்சாரம் நின்று போகும்போது நினைக்கிறோம். மற்றச் சமயங்களில் அது பாட்டுக்குச் சுற்றுகிறது. நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கிறோம். ஒரே ஒரு விசிறியைப் பொறுக்கி எடுப்பதற்காக மூன்று பேர் ஒரு மாத காலம் மண்டையைக் குழப்பிக் கொள்ள முடியும் என்பது சென்ற வருஷம் வரையில் எனக்குத் தெரியாது. அதிலும் அந்த விசிறி மனிதர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு காருக்கு வேண்டியிருந்தது.

கார் என்னுடையதல்ல. மயிலாப்பூரில் எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் ஒரு பெரியவருடையது. இரண்டே ஆசனங்கள், மடித்து விடக்கூடிய கித்தான் கூரை, தரையைத் தொட்டு விடுமோ என்று பயப்படும்படியான தாழ்ந்த உடம்பு. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பிறந்த பந்தயக் கார் ஜாதி. பெரியவரின் தமையனார், சொந்த ஊருக்குக் கப்பல் ஏறவிருந்த ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தரிடமிருந்து 1968-ல் அதை வாங்கினார். சோழவரத்துப் பழைய விமானத் திடலில் மோட்டார் பந்தயம் நடந்து கொண்டிருந்த காலம் அது. தம்பியைப் பக்கத்தில் உட்கார்த்திக் கொண்டு பந்தயம் பார்க்கப் போவாராம். "அண்ணாவுக்குக் கல்யாணம் ஆச்சு, என் ஸீட் மன்னிக்குப் போயிடுத்து" என்று பெரியவர் இன்றைக்கும் பொய்க் கோபத்துடன் சொல்வார்.

தமையனார் 2009-ல் காலமானார். கார் தம்பியின் பொறுப்புக்கு வந்தது. அன்று முதல் அவர் ஒரு விரதம் எடுத்துக் கொண்டார்: அண்ணா வைத்து விட்டுப் போனபடியே கார் இருக்க வேண்டும், ஒரு திருகாணியைக் கூட மாற்றக் கூடாது என்பது. விரதம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் கார் நடக்கவில்லை. லஸ் முனையிலிருந்து புறப்பட்டால் அடையாறு பாலம் போய்ச் சேருவதற்குள் இரண்டு மூன்று சிக்னல்களில் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் முள் மேலே ஏறும். மூக்கு வழியாக ஆவி புறப்படும். ஆகவே கார் கொட்டகையிலேயே தங்கி விட்டது. தினம் காலையில் பத்து நிமிஷம் எஞ்சினை ஓட விட்டு, மஞ்சள் துணியால் துடைத்து, மறுபடியும் போர்வையைப் போர்த்தி விடுவார்.

மன்னிக்கு எழுபத்தெட்டு வயது. முழங்கால் வலி. ஒரு நாள் அவர் கொழுந்தனாரிடம் சொன்னார்: "அந்த வண்டியிலே இன்னும் ஒரு தடவை மகாபலிபுரம் போயிட்டு வரணும். இந்த வருஷம் போனாத்தான் உண்டு. அடுத்த வருஷம் அந்த ஸீட்டிலே இறங்கி ஏற என் கால் சம்மதிக்காது."

வேறு காரில் போகலாமே என்று நாம் சொல்லலாம். பெரியவருக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அவர் மெக்கானிக் பாயைக் கூப்பிட்டார். கண்ணில் புரை எடுத்துக் கொண்டிருந்த சமயமாதலால், சாமான்களின் விவரப் புத்தகங்களைப் படித்துச் சொல்வதற்காக என்னையும் கூப்பிட்டார்.

பாய் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார். "சார், வண்டி ஓடும்போது சுடுதா, நிக்கும்போது சுடுதா?"

இந்தக் கேள்வியில்தான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது என்று பிற்பாடு எனக்கு விளங்கிற்று. எஞ்சினில் எரிகிற பெட்ரோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு கூடச் சக்கரத்தைச் சுற்ற உதவுவதில்லை. பெரும் பகுதி வெறும் சூடாகவே போகிறது. பாதி புகைக் குழாய் வழியாக வெளியேறுகிறது. ஏறக்குறைய மீதிப் பாதியைத் தண்ணீர் சுமந்து கொண்டு வந்து ரேடியேட்டரில் இறக்கி வைக்கிறது. அதை எடுத்துக் கொண்டு போகக் காற்று வேண்டும். மணிக்கு ஐம்பது அறுபது கிலோ மீட்டர் வேகத்தில் போனால் எதிர்க்காற்றே போதும், விசிறிக்கு வேலை இல்லை. அந்த வேகத்திலும் கார் கொதித்தால் கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது: ரேடியேட்டரில் உப்புப் படிந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம், மூடியின் அழுத்தம் போயிருக்கலாம். சதுர அங்குலத்துக்கு ஏழு ராத்தல் அழுத்தம் தாங்கும் ஒரு மூடி சரியாக இருந்தால், தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காமல் சுமார் நூற்றுப் பத்து வரை தாக்குப் பிடிக்கிறது. பத்து டிகிரியை ஒரு மூடி காப்பாற்றிக் கொடுக்கிறது! நின்றால் மட்டும் சுடுகிறது என்றால்தான் விசிறியைப் பற்றிப் பேச வேண்டும்.

பாய் முதலில் ரேடியேட்டரைக் கழற்றி உப்பை எடுத்தார். மூடியையும் ரப்பர்க் குழாய்களையும் மாற்றினார். "குழாய் மாத்தறது மாத்தறதிலே சேராது" என்று பெரியவர் விரதத்துக்கு ஒரு விதிவிலக்குச் செய்து கொண்டார். கார் முன்னைவிட நன்றாக ஓடிற்று. ஆனாலும் சிக்னலில் நின்றால் முள் ஏறத்தான் செய்தது.

அந்தக் காலத்துக் கார்களில் விசிறியை எஞ்சினே பெல்ட் மூலம் சுற்றுகிறது. அதில் ஒரு விபரீதம். எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகச் சுற்றும். வேகமாக ஓடினால் விசிறியும் வேகமாகச் சுற்றும். சிக்னலில் நிற்கும்போது, காற்று மிகவும் தேவையான நேரத்தில், அது சோம்பல் முறிக்கிறது. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே தாராளமாகக் கிடைக்கும்போது, அது மகா உற்சாகமாய்ச் சுழல்கிறது. வேகம் நான்கு மடங்கானால் அது விழுங்கும் சக்தி அறுபத்து நான்கு மடங்காகும் என்பது கணக்கு. வேண்டாத இடத்தில் ஊழியம் செய்து நம் பெட்ரோலையும் சாப்பிடுகிற வேலைக்காரன்!

மின்சார விசிறிக்கு இந்தக் குணம் இல்லை. எஞ்சின் என்ன செய்தாலும் அது தன் வேகத்தில் சுற்றும். சூடு ஏறினால் தானே விழித்துக் கொள்ளும், தணிந்தால் தானே தூங்கிவிடும். ஆனால், பெல்ட் விசிறியை எடுத்து விட்டு இதை வைப்பது என்றால் விரதம் என்ன ஆவது?

பெரியவர் ஒரு வாரம் பதிலே சொல்லவில்லை. நான் அந்த வாரத்தில் படித்த விவரங்களை அவரிடம் சொன்னேன். இதே இனத்தைச் சேர்ந்த எம்.ஜி.பி. என்ற கார் இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை தயாராயிற்று. முதலில் அதிலும் பெல்ட் விசிறிதான். 1973-ல் எட்டு சிலிண்டர் எஞ்சினுடன் அதன் மூடு கார் வந்தபோது இரண்டு மின்சார விசிறிகளை வைத்தார்கள். 1977-ம் வருஷ மாதிரியிலிருந்து சாதாரண எம்.ஜி.பி.க்கும் மின்சார விசிறியே வந்து விட்டது. எஞ்சினைக் குறுக்கே வைத்துச் செய்யும் கார்களில் பெல்ட் விசிறி முன்பக்கம் பார்க்க வசதியில்லை. ஆகையால் 1969-ல் இத்தாலியில் வந்த பியட் 128-லும், 1983-ல் நம் நாட்டுக்கு வந்த மாருதி 800-லும் மின்சார விசிறிதான் இருந்தது.

"செய்தவர்களே மாத்திக் கொண்டார்களா?" என்று பெரியவர் கேட்டார்.

"ஆமாம் சார்."

"அண்ணா இருந்திருந்தால் மாத்தியிருப்பாரா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னிதான் உள்ளேயிருந்து சொன்னார்: "உங்கண்ணா அந்த வண்டியிலே மாத்தாதது ஒண்ணும் கிடையாது. இந்த ஹாரன் கூட அவர் மாத்தினதுதான்."

பெரியவர் வெகு நேரம் அந்த ஹாரனையே பார்த்துக் கொண்டு நின்றார். அப்புறம் இரண்டு நிபந்தனைகள் போட்டார். காரில் புதிதாக ஒரு துவாரம் கூடப் போடக் கூடாது. என்றைக்கு வேண்டுமானாலும் பழைய விசிறியைத் திரும்ப மாட்டும்படி இருக்க வேண்டும்.

ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு கடைகளுக்கு மூவரும் போனோம். ஒரு கடைக்காரர் பெரிய தாம்பாளம் போன்ற பதினாறு அங்குல விசிறி ஒன்றை எடுத்து வைத்து, அது நிமிஷத்துக்கு எத்தனை ஆயிரம் கன அடி காற்று இழுக்கும் என்று ஒரு பெரிய எண்ணைச் சொன்னார். எனக்குப் பிரமிப்பாயிருந்தது. பாய் காதில் சொன்னார்: "அது முன்னாலே ஒண்ணும் இல்லாம வெட்டவெளியிலே சுத்தினா வர்ற கணக்கு சார். ரேடியேட்டர் குறுக்கே இருந்தா அவ்வளவு வராது." ஜன்னலில் கொசு வலை கட்டி விட்டுக் கடற்காற்றை எதிர்பார்ப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமான கேள்வி மின்சாரம் எங்கிருந்து வரும் என்பது. பழைய காரில் இருப்பது டைனமோ. அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்களில் சர்வ சாதாரணமாயிருந்த லூகாஸ் டைனமோ ஒன்று, நன்றாக ஓடும்போது இருபத்திரண்டு ஆம்பியர் தரும். முன் விளக்குகளுக்கு எட்டு ஆம்பியர், எஞ்சினில் பொறி பறப்பதற்கு மூன்று நான்கு. மீதி பத்துக்குள்தான். அந்தத் தாம்பாள விசிறியோ தனியாகவே இருபதுக்கு மேல் கேட்கும். சங்கடம் இன்னும் இருக்கிறது. கார் நிற்கும்போது டைனமோ அநேகமாக ஒன்றும் தருவதில்லை. விசிறி வேண்டியிருப்பதோ அப்போதுதான். ஆகவே பாட்டரி கையிருப்பிலிருந்து செலவு செய்து, ஓடும்போது சம்பாதித்து அடைக்க வேண்டும். சம்பளக்காரன் குடித்தனம் மாதிரி! பெரிய விசிறி வாங்கினால் மாதக் கடைசி வருவதற்குள் திவால்.

பன்னிரண்டு அங்குல விசிறி ஒன்று, எட்டு ஆம்பியர் சாப்பிடுவது, இரண்டரை அங்குலக் கனம் உள்ளது, கடைசியில் எங்களுக்குப் பொருத்தமாகப் பட்டது. பெல்ட் விசிறியை எடுத்து விட்டால் ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே மூன்றரை அங்குலம் இடம் இருந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் வைத்துக் காற்றைத் தள்ளும் விசிறிகளும் உண்டு. ஆனால் ஓடும்போது வருகிற எதிர்க்காற்றுக்கு அவை குறுக்கே நிற்கும். பின்னால் இருந்து இழுப்பதே உத்தமம். அதிலும் விசிறியைச் சுற்றி ஒரு தகட்டுக் கூண்டு அமைத்தால் ரேடியேட்டர் முழுவதிலுமிருந்து காற்று வரும்; இல்லாவிட்டால் வட்டத்துக்கு நேரே உள்ள இடத்தில் மட்டும் வரும். மாட்டுவதற்கு, ரேடியேட்டரின் நடுவே செருகும் பிளாஸ்டிக் முடிச்சுகளைக் கடைக்காரர் இலவசமாகவே கொடுத்தார். பாய் அவற்றைத் திருப்பிக் கொடுத்து விட்டார். வண்டி குலுங்கக் குலுங்க அவை தகடுகளைத் தேய்த்து ஓட்டை போட்டு விடுமாம். ஏற்கனவே இருந்த திருகாணித் துவாரங்களிலேயே பட்டைகளைப் பொருத்தி, அவற்றில் விசிறியை மாட்டினார். முதல் நிபந்தனை நிறைவேறிற்று.

இன்னொரு வேடிக்கை. இன்றைய கார்களில் பாட்டரியின் எதிர்முனையைக் காரின் உடம்போடு சேர்த்திருப்பார்கள். அந்த வயது இங்கிலீஷ் கார்களில் நேர்முனையைச் சேர்த்திருப்பார்கள். இது தெரியாமல் வழக்கப்படி கம்பியைக் கொடுத்தால் விசிறி எதிர்த் திசையில் சுற்றி, எஞ்சின் சூட்டையே ரேடியேட்டருக்குத் திருப்பி அனுப்பும். பாய் கம்பிகளைக் கொடுத்து விட்டு, ஒரு செய்தித்தாள் துண்டை ரேடியேட்டரின் முன்பக்கம் கொண்டு போனார். காகிதம் பச்சென்று ஒட்டிக் கொண்டது. "சரியா இழுக்குது சார்" என்றார். தொண்ணூற்றிரண்டு டிகிரியில் ஓடத் தொடங்கி எண்பத்தேழில் நிற்கும்படி சுவிட்சைத் திருத்தினார். ஒரு ரிலே, ஒரு பியூஸ். வேலை முடிந்தது.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மன்னியைப் பிடித்து மெதுவாக ஆசனத்தில் இறக்கினோம். இருவருக்கு மேல் அதில் இடமில்லை. நானும் பாயும் தண்ணீர் டப்பாவுடன் அவருடைய வண்டியில் பின்னால் போனோம். திருவான்மியூர் சிக்னலில் கார் நின்றது. ஒரு நிமிஷம் கழித்து மெல்லிய இரைச்சல் கேட்டது. பாய் என்னைப் பார்த்தார். பச்சை விளக்கு வந்ததும் கார் நகர்ந்தது. கடற்கரைச் சாலையில் காற்று வாங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு மாமல்லபுரம் வரையில் விசிறி வாயைத் திறக்கவில்லையாம். அவ்வளவு தூரமும் அதற்கு ஓய்வு. நல்ல விசிறிக்கு இலக்கணம் அதுதானே?

மன்னி கலங்கரை விளக்கத்தைப் பார்த்தார். கடற்கரைக் கோயிலைத் தூரத்திலிருந்தே பார்த்தார். காரை விட்டு இறங்க மறுத்து விட்டார். "இறங்கினா மறுபடி ஏறணும். இங்கேயே இருக்கேன், நன்னாயிருக்கு" என்றார். பெரியவர் இளநீர் வாங்கிக் கொண்டு வந்து கொடுத்தார். டிக்கியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, பழைய விசிறியும் எங்களோடு வந்திருந்தது. இரண்டாவது நிபந்தனை!

இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று மன்னி சொன்னார். பாய் தலையை ஆட்டினார். இருட்டினால் விளக்குப் போட வேண்டும். விளக்கும் விசிறியும் சேர்ந்தால் சிக்னல்களில் பாட்டரிக்குத் தாங்காது. நான்கு மணிக்கே புறப்பட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு வந்து சேர்ந்தோம்.