சேனாபதி தாத்தாவுக்கு என்ன உரம்?

'இந்தியன் 2' இப்பதான் நெட்ஃப்ளிக்ஸ்ல பாத்தேன். தஞ்சாவூர்ல விடாத மழை, வேற என்ன பண்ண.

படத்துல வர்ற சேனாபதி, நேதாஜி படையில இருந்த மனுஷன்.
கணக்குப் போட்டா வயசு நூறத் தாண்டிருச்சு.
ஒத்தச் சக்கர வண்டில பறக்குறாரு.
சட்டையக் கழட்டுனா சிக்ஸ் பேக்!
வர்மத்துல குத்துனா ஆளு குதிரையாட்டம் ஓடுறான்.

1996-ல வந்த முதல் பாகம் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கே தேசிய விருது வாங்குச்சு. அதுல அந்தக் கிழவர் விரல மடக்குனாலே நமக்கு வயித்தக் கலக்கும்.
இதுல மூஞ்சி மெழுகு பொம்ம கணக்கா இருக்கு.

கூட உக்காந்து பாத்த பெரியப்பா, எழுவது வயசுலயும் மம்முட்டி புடிச்சு வரப்பு வெட்டுறவரு, மெதுவா கேட்டாரு:
"தம்பி, இவருக்கு என்ன உரம் போடுறாங்க?"

எனக்கு நாப்பத்தஞ்சு. சாவி கீழ விழுந்தா எடுத்துக் குடுக்க ஆள் தேடுறேன். நான் சிரிக்கிறேன் பாருங்க!

ஆனா கடைசில 'இந்தியன் 3' டிரெய்லர் வந்ததும் நிமிந்து உக்காந்துட்டேன்.
வந்தா போவீங்களா?