நண்டுக்குள் ஒரு குடித்தனம்

வாஷிங்டனிலிருந்து கிழக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் ரோட் ஆறு. பெயர்தான் ஆறு, உண்மையில் செசபீக் விரிகுடா நிலத்துக்குள் நீட்டிய ஒரு கை. கரையில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம். கோடையில் இங்கே விநோதமான வேலை நடக்கும். சிப்பி ஓடுகளை நிரப்பி, வாரக்கணக்கில் ஆற்றில் மூழ்கடித்து வைத்த பெட்டிகளைத் தூக்கி, உள்ளே குடியேறிய சின்னஞ்சிறு சேற்று நண்டுகளைத் தன்னார்வலர்கள் பொறுக்குகிறார்கள். ஒவ்வொன்றையும் மல்லாத்தி அடிவயிற்றைப் பார்க்கிறார்கள்.

தேடுவது ஒரு பையை. மடிந்த வாலுக்கு அடியில் அது பிதுங்கியிருந்தால், நண்டின் வம்சம் அதோடு சரி. 'லாக்ஸோதைலகஸ் பனோபியை' என்ற ஒட்டுண்ணியின் கைவரிசை. படகின் அடியில் ஒட்டும் கொட்டலசுக்குச் சொந்தம். நண்டுக்கேகூடத் தூரத்து உறவு. ஓடு கழற்றி மெத்தென்றிருக்கும் நண்டுக்குள் இதன் பெண் குஞ்சு புகுந்து, வேர்போல உடலெங்கும் பரவுகிறது. நண்டு சாகாது; மலடாகிவிடும். ஆண் நண்டுக்கும் பெண்ணைப்போல வயிறு அகன்றுவிடும்.

இது இந்த ஊர்ப் பிராணி அல்ல. 1959ல் எம்.எஸ்.எக்ஸ். நோய் விரிகுடாவின் சிப்பிகளைச் சூறையாடத் தொடங்கியது. ஈடுகட்ட, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து சிப்பிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். 1964ல் வர்ஜீனியா பக்கம் பை தொங்கும் நண்டுகள் சிக்கின. சிப்பிச் சந்துகளில் ஒளிந்த நண்டுகளோடு ஒட்டுண்ணியும் டிக்கெட் வாங்காமல் வந்ததாகச் சந்தேகம்.

ஆனால் வளர்ந்த ஒட்டுண்ணிக்குக் காலில்லை, கண்ணில்லை, ஓடில்லை. பையைப் பார்த்துப் பூர்வீகம் சொல்வது கடினம். மரபணுதான் ஜாதகம். 2007லும் 2012லும் வெளியான ஆய்வுகள் அதைப் படித்தன. ஒரே பெயரில் இரண்டு வம்சங்கள்! ஒன்று பனோபியஸ் நண்டுகளைப் பிடிப்பது. மற்றது யூரிபனோபியஸ், ரித்ரோபனோபியஸ் நண்டுகளை. தாயகமான மெக்சிகோ வளைகுடாவில் இரண்டும் உண்டு. செசபீக்கில் வேர்விட்டது இரண்டாவதுதான். எந்த நண்டுக்கு ஆபத்து என்பது இன்னும் தெளிவாயிற்று.

விரிகுடாவின் செல்லப்பிள்ளை நீல நண்டு. அதை இந்த ஒட்டுண்ணி தொடுவதில்லை. அதனால்தானோ என்னவோ, இதைப் பற்றி ஊரில் பெரிய கூச்சல் இல்லை. சேற்று நண்டை யாரும் தட்டில் வைப்பதில்லை, மீன்கள்தான் தின்கின்றன. இதற்குள் ஒட்டுண்ணி தெற்கே புளோரிடா வரையும், வடக்கே நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட் நீரிணை வரையும் போய்விட்டது.

பெட்டியின் மூலையில் ஓர் ஆண் நண்டு. அடிவயிற்றில் தொங்கும் பையைத் தன் முட்டை என்று நம்பி, சிரத்தையாகச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது.