முப்பது பிள்ளைகள், மூன்று வகுப்புகள், ஓர் அறை

ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்ப்பவரிடம் "உங்க கிளாஸ்ல எத்தனை பேர்?" என்று கேட்டால் ஒரே எண்ணில் பதில் வராது. "ஒண்ணுல எட்டு, ரெண்டுல பன்னெண்டு, மூணுல பத்து" என்று பிரித்துத்தான் சொல்வார்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) அப்படிப் பிரிப்பதில்லை. தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று, 91 ஆனால் நான்கு என்கிறது அதன் அட்டவணை. ஆளுக்கு 30 என்பது காகிதத்தில் நல்ல கணக்குதான். ஆனால் வகுப்புகள் ஐந்தாயிற்றே! தலைமையாசிரியர் 4, 5ஐ எடுத்துக்கொண்டால் மற்ற மூன்றும் இடைநிலை ஆசிரியைக்கு. தமிழ், ஆங்கிலம், கணக்கு மட்டும் என்றாலும் ஒன்பது பாடம். நாற்பது நிமிடப் பாடவேளையைப் பங்குபோட்டால் வகுப்புக்குப் பதின்மூன்று நிமிடம்.

நடத்துவதைக்கூடச் சமாளித்துவிடலாம், திருத்துவதில்தான் திணறல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து 'ழ' எழுதவைக்கும் நேரத்தில், மூன்றாம் வகுப்பு கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைத் தானாகப் போட்டுக்கொண்டிருக்கும். பத்தின் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்த பிள்ளை அதே தவறோடு ஐந்து கணக்கையும் முடித்துவிடும். ஆள் குறைவென்றால் ஆசிரியை இரண்டாவது கணக்கிலேயே பிடித்துவிடுவார். முப்பது பேர் என்றால், நோட்டு கைக்கு வருவதற்குள் தவறு பழகிப்போயிருக்கும்.

ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையிலிருந்து தமிழ்நாடு வளர்த்தெடுத்த செயல்வழிக் கற்றலில், ஆசிரியர் அருகில் இல்லாத நிமிடங்களுக்கும் வேலை இருந்தது. பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தானாக எடுத்துக்கொள்ள அட்டை. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமோ வகுப்பைத் தாண்டி அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறது. மூன்றாம் வகுப்புப் பையனுக்குச் சின்னப் பிள்ளைகளோடு அரும்பில் உட்கார வெட்கமாக இருக்கும். புளியங்கொட்டையை எண்ணிப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் விடுவார்கள். வெட்கமும் போகும், எண்ணும் வசப்படும்.

எண்ணிக்கைக்குத் திரும்பினால், ஜப்பான் இப்படிச் சேர்ந்து படிக்கும் கூட்டு வகுப்புக்கென்று தனி வரம்பே வைத்திருக்கிறது. தொடக்கப்பள்ளியில் முதல் வகுப்பு தவிர மற்ற தனி வகுப்புகளுக்கு 40 என்றிருந்ததைப் படிப்படியாக 35 ஆக்க 2021இல் சட்டம் திருத்தினார்கள். இரண்டு வகுப்பு சேர்ந்த அறைக்கோ 16தான். அதில் ஒன்று முதல் வகுப்பு என்றால் 8.

அந்த எட்டை இங்கே அப்படியே கேட்க வேண்டியதில்லை. ஆள் ரொம்பக் குறைந்தாலும் கூட்டு வகுப்பு படுத்துவிடும். வகுப்புக்கு ஒரே பிள்ளை என்றால் யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? மூன்று வகுப்பு சேர்ந்த அறையில் இருபது பேர் வரை ஒருவர் கண்ணுக்கு அடங்குவார்கள். அப்படிப் பார்த்தால் மூன்றாவது ஆசிரியர் 61ஆவது பிள்ளைக்காகக் காத்திராமல் 41லேயே வரவேண்டும். வந்தால் இன்னொரு லாபமும் உண்டு. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பையும் ஒரே ஆள் கட்டி மேய்க்க வேண்டியிராது.