தார்ச்சாலையை விட்டு இறங்கி வா

அன்புள்ள நண்பா,

வடகரையில் ஆனிச் சாரல் பிடித்துக்கொண்டது. மேற்கே மலை இருக்கும் இடத்தில் மேகம்தான் தெரிகிறது. குற்றாலத்துக்குப் போகும் வண்டிகளும், புளியரை எஸ் வளைவில் கேரளத்துக்கு ஏறும் லாரிகளுமாகத் தார்ச்சாலை நெரிபடும் காலம். உன்னைப் போல ரோடு சைக்கிளை மட்டுமே நம்பிப் பயிற்சி செய்கிறவர்கள் இந்த மாதங்களை வீண் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அச்சன்புதூர், வடகரை, மேக்கரைப் பக்கத்து வண்டிப்பாதைகளிலும் குளத்துக்கரைகளிலும் மலை சைக்கிள் ஓட்டினால், தார்ச்சாலை கற்றுத்தராத ஒன்று கைவரும்: பிடிமானம் குறைந்த இடத்திலும் வண்டியைக் கைக்குள் வைத்திருப்பது.

தார்ச்சாலை ஏற்றத்தில் எழுந்து நின்று ஓங்கி மிதித்தாலும் பின்சக்கரம் வழுக்குவதில்லை. அதனால் மிதிப்பில் உள்ள குறை வெளியே தெரிவதில்லை. ஈரச் செம்மண்ணில் எழுந்தால் உடலின் எடை முன்னே போய், பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். உட்கார்ந்தபடி முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்தி, பெடலைச் சீராகச் சுற்றினால்தான் வண்டி ஏறும். டயரும் இதற்குத் துணை. ரோடு டயர் 25 அல்லது 28 மில்லிமீட்டர் அகலம். மலை சைக்கிள் டயர் ஏறக்குறைய 55. காற்றும் மிகக் குறைவாகவே அடிப்போம். அதனால் சக்கரம் நழுவத் தொடங்குவதும் மறுபடி பற்றுவதும் நிதானமாக நடக்கும். உடலுக்கு அதை உணர்ந்து பழக நேரம் கிடைக்கும். மழையில் நனைந்த தார்ச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் முன்பிரேக்கின் எல்லையைச் சோதித்துப் பார்க்க யாரும் துணியமாட்டார்கள். சேற்றில் 12 கிலோமீட்டர் வேகத்தில் சோதிக்கலாம்.

ரோட்டில் வேகம் வேண்டுமானால் ரோட்டில்தான் ஓட்ட வேண்டும் என்பாய். பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் அது சரிதான். ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் தங்கம் வென்ற டாம் பிட்காக், மறு ஆண்டு டூர் த பிரான்ஸில் ஆல்ப் துவெஸ் உச்சியில் முதலாவதாக வந்தார். அன்று முன்னே போனவர்களை நெருங்க அவருக்குக் கைகொடுத்தது காலிபியே மலையின் இறக்கம். பொலீன் ஃபெரான்-பிரெவோ 2024இல் பாரிஸில் மலை சைக்கிள் தங்கம் வென்று, 2025இல் பெண்களுக்கான டூர் த பிரான்ஸையும் வென்றார். இவர்களெல்லாம் பிறவித் திறமைசாலிகள், நமக்கு உதாரணம் ஆவார்களா என்ற கேள்வி நியாயமானது. அவர்களுடைய இதயமும் நுரையீரலும் நமக்கு வாய்க்காது. ஆனால் இறக்கத்தில் எங்கே பிரேக்கை விடுவது என்பது பழகிப் பழகி வருவது. அது நமக்கும் வரும்.

இங்கே ஓட்ட வருவதற்கு முன் சில எச்சரிக்கைகள். அடவிநயினார் அணைக்கு மேலே காப்புக்காடு. அனுமதியில்லாமல் அங்கே நுழையக் கூடாது. தோப்புகளுக்கு யானை இறங்கும் ஊர் இது, அதனால் நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். வரும்போது உன் ரோடு சைக்கிளில் பெடலிலிருந்து சீட் வரை உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு வா. இங்கே வாடகைக்கு எடுக்கும் வண்டியிலும் அதே அளவை ஒட்டி வைத்தால் முழங்கால் வலி வரும் வாய்ப்பு குறையும்.

அன்புடன்,
உன் நண்பன்