பெறுதல்

தமிழில் 'பெறுதல்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஈனுதல் ஒன்று, கைக்கு வந்து சேர்தல் மற்றொன்று. பெரும்பாலான வீடுகளில் இவ்விரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்துவிடுவதால், இடையே ஒரு தொலைவு இருக்கக்கூடும் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. குறைமாதத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கு அந்தத் தொலைவு தெரியும். 2008ஆம் ஆண்டு எங்கள் மகள் 30ஆவது வாரத்தில், 1,240 கிராம் எடையில் பிறந்தாள். அவள் எங்கள் கைக்கு வர 23 நாட்கள் ஆயின.

காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்பது அந்த மருத்துவமனையின் விதி. தொற்று வந்துவிடும் என்று காரணம் சொன்னார்கள்; அந்த அச்சம் பொய்யானதும் அல்ல. உள்ளே வரிசையாகப் பெட்டிகள். எங்கள் பெட்டிக்குள் குழாய்களும் பிளாஸ்திரியும் போக ஒரு கன்னமும் ஒரு பாதமும் தெரியும். முகம் தெரியாததால் மானிட்டரைப் பார்க்கப் பழகினோம். 94, 91, 88 என்று ஆக்சிஜன் அளவு இறங்கும்போது எங்கள் மூச்சும் கூடவே இறங்கியது. மகளை அறிவதற்கு முன்பே அவளுடைய எண்களை அறிந்துகொண்டோம்.

என் மனைவி மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் பீச்சிச் சிறு பாட்டிலில் கொடுத்தனுப்புவாள். ஒன்பதாம் நாள் பால் குறைந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "கவலைப்படாதே, தானா ஊறும்" என்றார்கள். பாலைச் சுரக்க வைப்பது ப்ரோலாக்டின். சுரந்ததை வெளியே தள்ளுவது ஆக்சிடோசின். அச்சமும் வலியும் இந்த இரண்டாவதைத் தடுக்கின்றன. குழந்தையின் அழுகுரலும் தொடுகையும் அதைத் தூண்டுகின்றன. அவளுக்கு அச்சம் இருந்தது, குழந்தை இல்லை. அன்றிரவு தாழ்ந்த குரலில் கேட்டாள்: "ஏங்க, அது நம்ம பாப்பாதானா? எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது."

பக்கத்தில் படுத்திருந்த மாமியார் எழுந்து உட்கார்ந்து, "பெத்தவ பேசற பேச்சாடி இது?" என்றார். அதன்பின் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்த நாட்களில்தான் மிகவும் வாடிப்போனாள்.

அது அவள் ஒருத்தியின் கேள்வி அல்ல என்பதைப் பின்னாளில் வாசித்து அறிந்தேன். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றோர் படும் மன அழுத்தத்தை அளக்க, மார்கரெட் மைல்ஸ் என்னும் அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளரும் சகாக்களும் 1993இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அது அழுத்தத்தை மூன்றாகப் பிரிக்கிறது: வார்டின் காட்சியும் ஓசையும், குழந்தையின் தோற்றமும் நடத்தையும், பெற்றோர் என்ற பொறுப்பு கைநழுவிப் போதல். இதைப் பயன்படுத்திய ஆய்வுகளில் பெரும்பாலும் மூன்றாவதே மிகக் கனமானதாக வெளிப்படுகிறது. அலாரத்தையும் ஊசியையும்விட, தன் பிள்ளைக்குத் தான் செய்ய ஒன்றுமில்லை என்பதே மனிதர்களை அதிகம் உடைக்கிறது.

இதை முன்பே கண்டவர்கள் உண்டு. பாரிஸில் குறைமாதக் குழந்தைகளைப் பேணிய மருத்துவர் பியர் புதேன், பிரித்து வைக்கப்பட்ட தாய்மார்கள் குழந்தையின்மேல் பற்று இழப்பதை 1900இல் வெளியான நூலிலேயே குறித்திருக்கிறார். 1972இல் அமெரிக்காவில் கிளாஸும் கென்னலும் 28 தாய்மார்களை ஆராய்ந்து, முதல் நாட்களில் குழந்தையோடு கூடுதலாகச் சில மணி நேரம் இருந்தவர்களிடம் நெருக்கம் மிகுந்திருந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அதிலிருந்து, முதல் சில மணி நேரத்தைத் தவறவிட்டால் பிணைப்பே வாய்க்காது என்றொரு நம்பிக்கையும் பரவியது. அது பலரால் மறுக்கப்பட்டது. அவர்களும் பின்னர் அதைத் தளர்த்திக்கொண்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் திருத்தம் சிறிய ஆறுதல் அல்ல.

வழி பிறந்தது வசதி இல்லாத இடத்தில். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாமல், ஒரே பெட்டியில் பல குழந்தைகளைக் கிடத்தித் தொற்றில் இழந்துகொண்டிருந்த நிலையில், எட்கர் ரேய் என்னும் மருத்துவர் குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைத்துக் கட்டினார். கங்காரு தாய் பராமரிப்பு என்று இன்று அறியப்படுவது அதுதான்.

எங்களுக்கு அது 23ஆம் நாள் வாய்த்தது. அன்று பணிக்கு வந்த மூத்த சிஸ்டர் ஒருவர், "மேல வெச்சுக்கோங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்று எடுத்துக் கொடுத்தார். மனைவி அழவில்லை. "சூடா இருக்கா" என்றாள், வியந்ததுபோல. அன்பு அந்தக் கணத்தில் பொங்கிவிடவும் இல்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மணிக்கணக்காக வைத்திருந்து, இவள் இந்தப் பக்கம் தலை சாய்த்தால்தான் உறங்குவாள், விக்கல் வந்தால் கால்விரலை விரிப்பாள் என்று ஒவ்வொன்றாய் அறிந்து, ஒரு வாரத்தில் அவள் எங்கள் பிள்ளையானாள். பிற்பகல்களில் என் முறை. மார்பின்மேல் ஒரு கைப்பிடி மூச்சு. மானிட்டரைப் பார்க்க மறந்திருந்தேன்.

இன்று இதைக் கருணை என்று கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. இந்தியாவில் அது நடந்தது டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில். ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள குழந்தைகளை, உடல்நிலை சீராகட்டும் என்று காத்திராமல் பிறந்தவுடனேயே மார்பில் சேர்த்தபோது, 28 நாட்களுக்குள் இறந்தோர் விகிதம் 15.7இலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. அதற்காகத் தாயின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுவந்தார்கள்.

ஆகவே கேள்வி தாயின் மனத்தைப் பற்றியது அல்ல, வார்டின் அமைப்பைப் பற்றியது. ஒவ்வொரு பெட்டிக்கும் அருகே ஒரு கட்டில் இயலாவிட்டால், சாய்ந்து உட்கார ஒரு நாற்காலியாவது வேண்டும். அதுவரை, கண்ணாடிக்கு வெளியே நிற்கும் ஒருத்தி "எனக்கு ஒண்ணுமே தோணல" என்று சொன்னால், அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவள் பெற்றுவிட்டாள், அவளிடம் இன்னும் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.