மேலிருந்து கீழே

மே 9, வெள்ளி

மகன் வந்துவிட்டான். தம்பி என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். பெட்டி, படுக்கை, வாளி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றோடும் ஆட்டோவில் வந்து இறங்கினான். லீவுக்கு வருகிறவன் வாளியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான். பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

“இனி போகலம்மா” என்றான். கல்லூரியில் மூன்றாம் வருடப் பரீட்சை எழுதவில்லை.

மே 10

வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

மே 13, செவ்வாய்

ராத்திரி தூக்கம் இல்லை. அதனால்தான் மறுபடி இந்த நோட்டை எடுத்தேன். பள்ளிக்கூட லீவில் வகுப்புக் கணக்கு எழுதுவதற்கென்று வாங்கியது.

என் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். கோபம் வந்தாலும் கணக்காகத்தான் வரும். மூன்று வருட ஃபீஸ், ஹாஸ்டல், பஸ், பாங்கில் வாங்கிய கடன், அதற்கு வட்டி என்று சாப்பிடுகிற நேரத்தில் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். தம்பி தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறான்.

என்ன நடந்தது என்று கேட்டேன். வகுப்பில் எல்லார் முன்னாலும் ஓர் ஆசிரியர் அவனை நிற்க வைத்துப் பேசியிருக்கிறார். ஒரு நாள் அல்ல, ஒரு பருவம் முழுக்க. என்ன பேசினார் என்று சொல்ல மறுக்கிறான். நானும் ஆசிரியைதான். ஒரு பிள்ளையைப் பேர் சொல்லி எழுப்பி நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்தை இவரிடம் சொல்ல முடியவில்லை. “அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராத” என்பார்.

பக்கத்து வீட்டு அக்கா, “தம்பிக்கு லீவா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

மே 17, சனி

அத்தை திண்ணையில் உட்கார்ந்து கழுகுமலைக் கதையை ஆரம்பித்தார்கள். பேரனுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னார்கள்.

“எய்யா, அந்த வெட்டுவான் கோயில செதுக்குனது அப்பனும் மகனும். அப்பன் உளிச் சத்தத்தவிட மகன் உளிச் சத்தம் ஒசத்தியா கேட்டுச்சாம். அப்பனுக்குப் பொறுக்கல. உளிய எடுத்து வீசிட்டான். மகன் செத்தான், கோயிலு அப்படியே நின்னுபோச்சு.”

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். இன்று கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது. அவர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் திரும்புகிற சத்தம் நின்றது.

மாடிக்குப் போய், “வியாழக்கிழமை கழுகுமலைக்குப் போறோம். காலைல சீக்கிரம் எந்திரி” என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

மே 22, வியாழன்

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் பஸ். கத்திரி வெயில் ஏறும் முன்னே மலையடிக்குப் போய்விட்டோம். கழுகாசலமூர்த்தியைக் கும்பிட்டுவிட்டுப் படி ஏறினோம். “பாறை சுட ஆரம்பிச்சா கால் வைக்க முடியாது, வெரசாப் போங்கம்மா” என்று ஒரு பெரியவர் சொல்லி அனுப்பினார்.

வெட்டுவான் கோயிலைப் பற்றிப் பள்ளியில் எத்தனையோ தடவை பாடம் சொல்லியிருக்கிறேன். பாண்டியர் காலம், 8ஆம் நூற்றாண்டு, ஒரே கல். இன்று விளிம்பில் நின்று பார்த்தபோது பாடத்தில் விட்டுப்போனதெல்லாம் தெரிந்தது. மலையின் சரிவில் சதுரமாக ஓர் இடத்தைக் குறித்து, சுற்றிலும் ஏழு மீட்டருக்கு மேல் ஆழமாகப் பள்ளம் வெட்டி, நடுவில் ஒரு பாறையை மட்டும் விட்டிருக்கிறார்கள். அந்தப் பாறைதான் கோயில். நாம் மண்ணில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள். இங்கே எண்பட்டைச் சிகரம் நம் கண்ணுக்கு நேராக நிற்கிறது. மலைக்குள்ளிருந்து ஒரு கோயில் எழுந்து வருவது போல இருக்கிறது.

தம்பி வெகு நேரம் பேசாமல் நின்றான். பிறகு, “மேல இருந்துதான ஆரம்பிச்சிருக்கணும்?” என்றான்.

ஆமாம். வீடு கட்டுகிற நாம் கடக்கால் தோண்டி, அடித்தளம் போட்டு, கடைசியில் உச்சிக்கு வருகிறோம். இங்கே எல்லாம் தலைகீழ். முதல் உளி விழுந்த இடமே உச்சி. சிகரம் முடிந்தபின் கழுத்து, அதன்பின் தளம், அதன்பின் சுவர், எல்லாவற்றுக்கும் கடைசியில் அடித்தளம். ஒட்டுப் போட முடியாது. ஒரு நந்தியின் காது உடைந்தால் உடைந்ததுதான். அதனால் கீழே எங்கே என்ன வரப்போகிறது என்பது மேலே முதல் அடி அடிப்பதற்கு முன்பே ஒருவர் மனதில் முழுசாக இருந்திருக்க வேண்டும். எல்லோராவில் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்துக் கைலாசநாதர் கோயிலும் இப்படி மேலிருந்து கீழாக இறங்கியதுதான், அதே நூற்றாண்டில். அளவில் அது எங்கேயோ இருக்கிறது. ஆனால் அது எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. இது நம் ஊர்க் கருங்கல். உளி சீக்கிரம் மழுங்கும், காய்ச்சித் தட்டிக் கூராக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

மேலே உமையோடு சிவன் உட்கார்ந்திருக்கிறார். தெற்குப் பக்கம் தட்சிணாமூர்த்தி. மற்ற கோயில்களில் மௌனமாக இருக்கிறவர், இங்கே மிருதங்கம் வாசிக்கிறார். கருங்கல்லில் தோல் இழுத்துக் கட்டிய மாதிரி ஒரு வாத்தியம், அதன்மேல் கை. பூதகணங்கள் வரிசையாக. ஒன்றின் முகம்போல் இன்னொன்று இல்லை.

பார்வை கீழே இறங்க இறங்க வேலை குறைந்துகொண்டே வருகிறது. சுவர்ப் பகுதியில் உருவங்கள் இல்லை. அதற்கும் கீழே பாறை பாறையாகவே இருக்கிறது, வரிவரியாக உளித்தடத்தோடு. அடித்தளமே இல்லை. உள்ளே இப்போது இருக்கும் பிள்ளையார் பின்னால் வைத்தவர்.

தம்பி அந்தக் கரட்டுப் பாறை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். விரலை உளித்தடத்துக்கு மேலே, தொடாமல், அது போகிற திசையிலேயே நகர்த்திக்கொண்டிருந்தான். “இம்புட்டு போதும், நாளைக்குப் பாப்போம்னு ஒருத்தன் எந்திரிச்சுப் போயிருக்கான்மா” என்றான். வீட்டுக்கு வந்தபிறகு அவன் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

கீழே இறங்கி சர்பத் குடித்தோம்.

மே 23, வெள்ளி

முழங்கால் வலி. நேற்று எழுத விட்டதை எழுதிவிடுகிறேன்.

அதே மலையில் சமணர் பகுதி இருக்கிறது. பாறை முகப்பு நெடுகத் தீர்த்தங்கரர்கள். மொத்தம் நூற்றைம்பது உருவங்கள் அளவில் இருக்கும். ஐந்தலை நாகம் குடை பிடிக்கப் பார்சுவநாதர், சிங்கத்தோடு அம்பிகை, கொடி சுற்றிய பாகுபலி. வரிசைக்குக் கீழே வட்டெழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் படித்திருக்கிறேன்: இன்ன ஊர் இன்னார் செய்வித்தது என்ற குறிப்புகள் அவை. தச்சர் இருக்கிறார், குயவர் இருக்கிறார், குரத்தியார் என்று அழைக்கப்பட்ட பெண் குருமார் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி திருச்சாரணத்துக்காரி. இன்றைக்குக் குமரி மாவட்டத்தில் இருக்கும் சிதறால்தான் அந்த ஊர். அங்கிருந்து இங்கே வந்து, தன் ஊரைச் சொல்லி எழுத வைத்திருக்கிறாள்.

கூப்பிடு தூரத்தில் இருக்கும் வெட்டுவான் கோயிலிலோ யார் பேரும் இல்லை. ஒரு குயவன் பேரைக்கூட எழுதி வைத்த மலையில், அந்த மிருதங்கத்தைச் செதுக்கியவன் பேர் இல்லாமல் போனது எனக்கு மனசு ஆறவில்லை. பேர் இல்லாத அந்த இடத்தில்தான் ஊர் ஒரு கொலைகாரனையும் ஒரு பிணத்தையும் கொண்டுவந்து வைத்தது.

மே 29, வியாழன்

பெரிய சண்டை. கல்லூரிக்குப் போன் பண்ணிப் பேசுகிறேன் என்று அவர் எடுக்க, தம்பி போனைப் பிடுங்கினான். அவர் கை ஓங்கினார். அத்தை நடுவில் வந்து விழுந்தார்கள். யாருக்கும் அடிபடவில்லை.

மலைக்குப் போய்வந்ததில் ஏதோ சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். ஒன்றும் சரியாகவில்லை.

மே 30

அவர் சாப்பிடாமல் ஆபீஸ் போனார். மத்தியானம் போன் பண்ணி, “அவன் சாப்ட்டானா?” என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. லீவில் எங்கே போனீர்கள் என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். ஒரு பிள்ளை கழுகுமலை என்றாள். என்ன பார்த்தாய் என்று கேட்கும் முன்பே, “டீச்சர், அங்க அப்பா மகனைக் கொன்னுட்டாரு” என்றாள். சிகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் பார்த்தது அந்தக் கதையை மட்டுந்தான்.

பாடத்தை மூடி வைத்துவிட்டுக் கரும்பலகையில் படம் போட்டேன். மேலிருந்து கீழே வெட்டினால் எது கடைசியில் வரும் என்று கேட்டேன். அடித்தளம் என்றார்கள். மாமல்லபுரத்து ரதங்களிலும் சிலவற்றில் கீழ்ப்பகுதிதான் முடியாமல் நிற்கிறது என்று சொன்னேன். அங்கே எந்த அப்பனும் மகனைக் கொல்லவில்லை. மேலிருந்து இறங்கும் வேலை எந்தக் காரணத்தால் நின்றாலும் கீழேதான் குறை தெரியும். மேலே செய்து முடித்ததில் ஒரு குறையும் இல்லை. அரசன் மாறினான், பணம் நின்றது, போர் வந்தது என்று காரணத்தை அவரவர் நினைத்துக்கொள்ளட்டும். கொலையைச் சொல்லிக்கொண்டு பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

நாளை வைகாசி விசாகம். அத்தை கழுகுமலைக்குப் போக வேண்டும் என்கிறார்கள். “நான் கூட்டிட்டுப் போறேன் பாட்டி” என்றான் தம்பி. இவர், “அந்தச் செதுக்காத பாறை எந்தப் பக்கம்டா இருக்கு?” என்று கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் மாடிக்கும் போகவில்லை.

கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மறுபடி சேர விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன் 20. அவன் மேசையில் வைத்திருக்கிறேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.